மிஸி கட்டிய மஞ்சள் கயிறு

இப்போதெல்லாம் நாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிற இடம் ஆஸ்பத்திரியாகவே போய்விட்டது. போன வாரம் ரத்தம் சோதிக்கப் போன இடத்தில் என்னோடு படித்த மூன்று பேரைப் பார்த்தேன். நம்பர் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, யாருக்கு எத்தனை மாத்திரை என்று பெருமை பேசிக்கொண்டிருந்தோம். ஒருத்திக்கு ஒன்பதாம். அவளை யாராலும் ஜெயிக்க முடியவில்லை. அந்தச் சமயம் ஊசியோடு வந்த சின்னப் பெண்ணை நான் பழக்க தோஷத்தில் "மிஸி" என்று கூப்பிட்டுவிட்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று தெரிந்தால்தானே!

நம் காலத்தில் நர்ஸ் என்று யார் சொன்னோம்? வெள்ளைத் தொப்பி வைத்திருந்தால் மிஸி, அவ்வளவுதான். அந்தச் சொல் வாயில் வந்ததும் எனக்கு ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். அவரைப் பற்றி இதுவரை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. அவரைப் பற்றிச் சொன்னால் நான் செய்ததையும் சொல்ல வேண்டியிருக்கும். பரவாயில்லை. இந்த வயசில் யார் வந்து என்னைத் தொடையில் கிள்ளப் போகிறார்கள்?

எனக்கு ஒன்பது வயசு. மெர்டேக்கா வரப்போகிறது, நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. பள்ளிக்கூடத்தில் காகிதக் கொடி ஒட்டவைத்து எங்கள் விரலெல்லாம் கஞ்சிப் பசை. அந்த வருஷம்தான் நாங்கள் ரப்பர் பால் வெட்டுகிற கித்தாத் தோட்டத்தை விட்டு மலாக்கா டவுனுக்கு, காஜா பேராங்குக்குக் குடிவந்திருந்தோம். அப்பாவுக்கு லாரி ஓட்டும் வேலை. ரப்பர் ஷீட்டை ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர் போனால் திரும்பி வர மூன்று நாள், நான்கு நாள் ஆகும். அந்த நாட்களில் வீட்டை ஆண்டது அத்தை, அப்பாவின் அக்கா. மாமா தோட்டத்திலேயே வேலையில் இருக்க, தம்பி குடும்பத்துக்கு டவுன் பழகும்வரை துணையாக இருக்கிறேன் என்று வந்தவள். நெற்றியில் ஒரு காசு அளவுக்குக் குங்குமம் வைத்திருப்பாள். அந்தக் குங்குமத்தில் அவளுக்குப் பெரிய கர்வம்.

எங்கள் சந்துக்கு எதிரே செட்டி மக்கள் குடியிருக்கிற கம்பம். உங்களுக்கு அவர்களைத் தெரியும். நம் முப்பாட்டன்மார் கப்பலேறுவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே மலாக்காவில் வந்து வேரூன்றியவர்கள். வாசலில் மாவிலை கட்டியிருக்கும், மாரியம்மனைக் கும்பிடுவார்கள், கட்டுவது சாரோங் கெபாயா, பேசுவது மலாய். ஆடிக் கூழும், பெலாச்சான் என்கிற இறால் விழுதை வறுக்கிற வாசனையும் ஒரே வீட்டிலிருந்து வரும். எனக்கு அவர்கள் பிள்ளைகளோடுதான் விளையாட்டு. மூன்று மாதத்தில் மலாய் என் வாயில் தண்ணீராக ஓடியது. அம்மாவுக்கு மீன்காரரிடம் விலை கேட்கிற அளவுதான் வரும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அத்தைக்கு அதுவும் வராது, கற்றுக்கொள்கிற எண்ணமும் இல்லை.

"தமிழு ஒரு வார்த்தை வாயில வர மாட்டேங்குது. இவங்கள எப்படி நம்ம ஆளுங்கன்னு சொல்றது?" என்பாள் அத்தை.

அம்மாவுக்கு வயிற்று வலி வந்தபோது அப்பா சிங்கப்பூரில் இருந்தார். வலது பக்கம், இடுப்புக்கு மேலே. அத்தை ஓமத் தண்ணீர் கொடுத்தாள். கேட்கவில்லை. விளக்கெண்ணெய் கொடுத்தாள். செங்கல்லைச் சுடவைத்துத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுத்தாள். அந்த வலிக்கு விளக்கெண்ணெயும் கூடாது, சூடும் கூடாது என்று பின்னாளில் ஒரு டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பாவம், அத்தை கண்ணீர் விட்டுக்கொண்டேதான் அவ்வளவும் செய்தாள். இரண்டாம் நாள் காலையில் அம்மாவின் முனகலைக் கேட்டு, எதிர் வீட்டுச் செட்டிப் பெண்மணி உள்ளே எட்டிப் பார்த்தார். எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் ஓடிப்போய் ஒரு பெச்சா, அந்த மூன்று சக்கர சைக்கிள் வண்டியைக் கூட்டிவந்துவிட்டார். அம்மாவின் தலை அத்தையின் மடியில், நான் அவர்கள் காலடியில். மேட்டு மேல் இருந்த பெரியாஸ்பத்திரிக்குப் பெச்சாக்காரர் இறங்கி நின்று தள்ளிக்கொண்டே போனார்.

பெண்கள் வார்டில் அந்தக் காலத்து ஆஸ்பத்திரி வாடை. தரை துடைக்கிற மருந்து, வேகவைத்த துணி, எங்கிருந்தோ கஞ்சி. சீன டாக்டர் அம்மாவின் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு மலாயில் வேகமாகப் பேசினார். நான் சொன்னேன்: "குடல்வால் வீங்கிக் கெடக்காம். ஒடைஞ்சா உசுருக்கு ஆபத்தாம். இப்பவே அறுக்கணுமாம்."

அம்மா தலையை ஆட்டினாள். அறுத்துக்கொள்ளட்டும். ஆனால் ஆபரேஷனுக்கு முன்னால் உடம்பில் இருக்கிற உலோகம் அத்தனையும் கழற்ற வேண்டும் என்பது விதி. வளையல் போயிற்று, தோடு போயிற்று. தாலிக்குக் கை வந்ததும் அம்மா இரண்டு கையாலும் அதைப் பொத்திக்கொண்டாள்.

"தம்பி வர்றவரைக்கும் அதத் தொடக் கூடாதுன்னு சொல்லு!" என்று அத்தை சத்தம் போட்டாள். "கட்டுனவன் உசுரோட இருக்கையில கழுத்த மூளியாக்குவாங்களா?" பிறகு அப்பாவுக்கு எப்படியாவது தகவல் அனுப்பச் சொல்லி லாரிக் கம்பெனிக்கு ஓடினாள். அது ஜாலான் பெண்டஹாரா தெருவைத் தாண்டி இருந்தது. நடந்து போய் வர ஒரு மணி நேரம்.

வார்டுக்குப் பொறுப்பான பெரிய நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் கெட்டவர் இல்லை. தாலிச் சங்கிலியின் கொக்கியைத் தேடிக்கொண்டிருக்க அவருக்கு நேரமில்லை. அந்தக் கத்தரிக்கோலைப் பார்த்ததும் அம்மா சுவர் பக்கம் சுருண்டு, முழங்காலை மார்போடு சேர்த்துக்கொண்டாள். "நான் செத்தாலும் இதோடயே சாவுறேன்" என்றாள். அம்மா செத்துப்போகப் போகிறாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. நான் கட்டில் இரும்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அப்போதுதான் அந்த மிஸி வந்தார். குட்டை, பருமன், நடந்தால் ரப்பர் செருப்பு கிறீச் கிறீச்சென்று சத்தம் போடும். கத்தரிக்கோலை மெதுவாகத் தன் கையில் வாங்கி மேசையில் வைத்தார். என் முகத்தைத் துடைத்துவிட்டு, "அம்மாவிடம் சொல், யாரும் வெட்ட மாட்டார்கள்" என்று மலாயில் சொன்னார். அவர் பேச்சு எதிர்க் கம்பத்துப் பேச்சு. செட்டிப் பெண் என்று உடனே தெரிந்தது.

அடுத்த நிமிஷம் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது ஒரு கையில் ஆஸ்பத்திரிச் சமையல்கட்டிலிருந்து ஒரு மஞ்சள் கிழங்கு. இன்னொரு கையில் கட்டுப் போடுகிற வெள்ளை நூல். நூலை மூன்றாகத் திரித்தார். அவரைக்காய் வடிவத்தில் ஒரு வெள்ளை எனாமல் கிண்ணம் இருக்குமே, அதில் மஞ்சளைத் தட்டிப்போட்டு, நூலையும் போட்டு, ஊசி வேகவைக்கிற அடுப்பில் வைத்துவிட்டார். தண்ணீர் பொங்கி மஞ்சளாக வழிந்தது. பெரிய நர்ஸ், "இது வார்டா, உன் வீட்டு அடுப்படியா?" என்று இங்கிலீஷில் கத்தினார். மிஸி இடுக்கியால் நூலைத் தூக்கி உதறினார். ஆவி பறந்தது. எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

நூலில் ஒரு துண்டு மஞ்சளைக் கோத்துக்கொண்டு அம்மாவிடம் குனிந்தார். தன் கழுத்தைத் தொட்டுச் சைகை காட்டினார். முதலில் இதைக் கட்டுவேன், அதற்கு அப்புறம்தான் அதைக் கழற்றுவேன். அம்மாவின் கை கொஞ்சம் தளர்ந்தது. ஒரு வார்த்தை தமிழ் தெரியாத அந்தப் பெண்ணுக்கு எது முதல், எது பிறகு என்று தெரிந்திருந்தது. கழுத்து ஒரு நிமிஷம்கூட வெறுமையாக இருக்கக் கூடாது என்பது தெரிந்திருந்தது.

பிறகு மிஸி என் பக்கம் திரும்பினார். "உன் அம்மாவிடம் இதைச் சரியாகச் சொல்ல வேண்டும்" என்றார். "லாக்கி சாயா சூடா மாத்தி. என் புருஷன் இறந்துவிட்டார். நான் கட்டினால் பரவாயில்லையா என்று கேள்."

எனக்கு ஒன்பது வயசுதான், ஆனால் அது என்னவென்று புரிந்தது. தோட்டத்தில் கல்யாண வீடுகளில் யார் முன்னால் நிற்பார்கள், யார் பின்கட்டில் பாத்திரம் கழுவுவார்கள் என்று பார்த்து வளர்ந்தவள் நான். இதைச் சொன்னால் அம்மா மறுபடியும் கழுத்தைப் பொத்திக்கொள்வாள். டாக்டர் கதவருகே வந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸி கட்டலாமான்னு கேக்குறாங்கம்மா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. மிஸியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "கட்டச் சொல்லு" என்றாள்.

மிஸி மூன்று முடிச்சுப் போட்டார். பிறகு, தூங்குகிற குழந்தையின் காதிலிருந்து தோட்டை எடுக்கிற மாதிரி, தாலியைக் கழற்றினார். தன் கைக்குட்டையில் வைத்து மடித்து, சட்டைப் பையின் உள்ளே ஊக்கால் குத்திக்கொண்டார். "சாயா சிம்பான்" என்றார். நான் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று அர்த்தம்.

அத்தை திரும்பி வந்தபோது அம்மாவை ஆபரேஷனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள்; மிஸி மஞ்சள் கயிறு கட்டிவிட்டுத்தான் தாலியைக் கழற்றினார் என்று நான் சொன்னேன். மத்தியானத்தோடு மிஸியின் வேலை நேரம் முடிந்துவிட்டதாம். ஆனால் போகவில்லை. என்னோடு பெஞ்சில் உட்கார்ந்து, தன் ரொட்டியில் பாதியைக் கொடுத்தார். மஞ்சள் கறை படிந்த கிண்ணத்தைக் காட்டினார். எவ்வளவு தேய்த்தும் போகவில்லையாம். சாயங்காலம் அம்மா கண் திறந்ததும், தண்ணீர்கூடக் கொடுக்காமல் முதலில் கைக்குட்டையைப் பிரித்து அம்மாவின் உள்ளங்கையில் தாலியை வைத்து, விரல்களை மூடிவிட்டார். அம்மா அந்தக் கையை விடவில்லை. மறுநாள் லாரியோடு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்த அப்பா, வாசலிலேயே நின்று முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுததை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன்.

அத்தையின் நன்றியைக் குறை சொல்ல முடியாது. அம்மா தேறி வீட்டுக்கு வந்ததும், "நம்ம வீட்டுத் தாலியக் காப்பாத்துனவ. சும்மா விடலாமா?" என்று ஒரு தாம்பாளம் தயார் செய்தாள். பட்டுக்கரை போட்ட சேலை, கண்ணாடி வளையல், மஞ்சள், குங்குமம், பூ, பழம்.

"பூவும் பழமும் போதும் அண்ணி" என்றாள் அம்மா.

"நீ சும்மா இரு. சுமங்கலிக்கு மரியாத செய்ய எனக்குத் தெரியாதா?"

மிஸிக்கு நர்ஸுகள் விடுதியில் வாசம். லீவு நாளில்தான் கம்பத்துக்கு, தன் அம்மா வீட்டுக்கு வருவார். அந்த நாள் பார்த்து அத்தையும் நானும் போனோம். சாரோங் கெபாயாவில் எனக்கு அவரை அடையாளமே தெரியவில்லை. ஊதாப் பூப்போட்ட கெபாயா. தேங்காய்ப்பூ போட்ட பலகாரமும் கோப்பியும் கொண்டுவந்து வைத்தார். அத்தை எழுந்து தாம்பாளத்தை நீட்டினாள். இன்னொரு கையில் குங்குமத்தை எடுத்து மிஸியின் நெற்றிக்குக் கொண்டுபோனாள். மிஸி சட்டென்று அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்படியே பிடித்தபடி, சுவரில் மாலை போட்டிருந்த ஒரு வாலிபனின் படத்தைக் கண்ணால் காட்டினார். "சயாம் ரயில்" என்றார். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்குத் தண்டவாளம் போடப் பிடித்துக்கொண்டு போய்த் திரும்பி வராதவர்கள் எல்லார் வீட்டிலும் உண்டு. யாரும் எதையும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

அத்தை மணிக்கட்டை விடுவித்துக்கொண்டாள். தாம்பாளத்தை இழுத்துக்கொண்டாள். "அறுத்தவ கையாலயா என் தம்பி பொண்டாட்டிக்கு முடிச்சுப் போட்டா? ஏன் முன்னாடியே சொல்லல? கேளு அவள! கேளுடி!"

நான் கேட்டேன். அம்மாவிடம் நீங்கள் ஏன் முன்பே சொல்லவில்லை என்று அத்தை கேட்கிறாள் என்று அந்த முகத்தைப் பார்த்து நானே மலாயில் கேட்டேன். மிஸி என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். என் காது இரண்டும் எரிந்தன. தரையில் என் பெருவிரலைத் தவிர எனக்குப் பார்க்க இடமில்லை.

"லூப்பா" என்றார் மிஸி. மறந்துவிட்டேன்.

அந்தப் பொய்யை நான் ஓர் எழுத்துக் குறையாமல் மொழிபெயர்த்தேன்.

வீட்டுக்கு வந்த அத்தை சந்து முழுக்கச் சொல்லித் தீர்த்தாள். அதோடு விட்டாளா? ஆஸ்பத்திரியில் மேலிடத்துக்கு மனு எழுதிக் கொடுத்து அவர் வேலைக்கே உலை வைக்க வேண்டும் என்று அப்பாவை நச்சரித்தாள். மூன்றாம் நாள் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு மனு எழுதுகிறவரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். அக்கா பேச்சைத் தட்டாத தம்பி. நான் அவருடைய வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். மிஸி சொன்னாங்க, நான்தான் அம்மாகிட்ட சொல்லல, மிஸி எனக்காகப் பொய் சொன்னாங்க.

அத்தை என் தொடையில் கிள்ளியது பத்து நாள் கன்றியிருந்தது. அம்மா படுத்திருந்தாள். சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மனு போகவில்லை. ஆனால் எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மெர்டேக்கா ஊர்வலத்தன்று கூட்டத்தில் மிஸியைப் பார்த்தேன். கொடியை ஆட்டி என்னைக் கூப்பிட்டார். நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அதற்குப் பிறகு அவரை வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம்.

முப்பது வருஷம் கழித்து அப்பா போனார். பதினாறாம் நாள் காலை, தாலி வாங்குகிற சடங்கு. முறைப்படி கைம்பெண்கள் நான்கைந்து பேர் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நாற்பது வயசில் நான் சின்னப் பிள்ளை மாதிரி அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அம்மா நிமிர்ந்து, "அந்த மிஸி வேலையிலேருந்து ரிட்டையராயி கம்பத்துக்கே வந்துட்டாங்களாம். அவங்க வரட்டும். வேற யாரும் இதுல கை வைக்க வேணாம்" என்றாள்.

கூடத்தில் ஒரே சலசலப்பு. யார் அந்த மிஸி, நம் ஆளா, முறை உண்டா என்று ஆளுக்கொன்று கேட்டார்கள். மூலையிலிருந்து அத்தை எழுந்தாள். மாமா போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. குங்குமம் இல்லாத அந்த நெற்றி இன்னும் எனக்குப் பழகவில்லை. "அந்த வீடு எனக்குத் தெரியும்" என்றாள். குடையை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினாள்.

அரைமணி நேரத்தில் இரண்டு கிழவிகளும் ஒரே குடையில் வந்தார்கள். வழியில் என்ன பேசினார்கள், எந்த மொழியில் பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மிஸி செருப்பைக் கழற்றிவிட்டு, ஆஸ்பத்திரியில் செய்கிற மாதிரியே முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். அம்மாவின் எதிரில் உட்கார்ந்தார். தாலியைத் தொடவில்லை. முதலில் தன் கழுத்தில் இருந்த மெல்லிய சங்கிலியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பதக்கம்கூட இல்லாத வெறும் சங்கிலி.

அம்மாவுக்கு அதற்குள் நல்ல மலாய் வந்திருந்தது. நேரே பேசியிருக்கலாம். ஆனால் மிஸி என் பக்கம்தான் திரும்பினார். "உன் அம்மாவிடம் கேள்" என்றார். "லாக்கி சாயா சூடா மாத்தி. நான் போட்டால் பரவாயில்லையா?"

"அம்மா, மிஸிக்குப் புருஷன் இல்ல. இறந்துட்டாராம். அவங்க போட்டுவிட்டா பரவால்லையான்னு கேக்குறாங்க" என்றேன். ஒன்றையும் விடவில்லை.

"அன்னிக்கே எனக்குப் புரிஞ்சுதுடி" என்றாள் அம்மா. "ஒங்க அத்தைக்குப் பயந்துக்கிட்டு வாய மூடிக்கிட்டேன். போடச் சொல்லு."

மிஸி முதலில் அந்தச் சங்கிலியை அம்மாவின் கழுத்தில் போட்டுக் கொக்கியை மாட்டினார். அதற்குப் பிறகுதான் தாலியைக் கழற்றினார்.